ஆர்-32 ஏசியா, ஆர்-290 ஏசியா?

பாளையங்கோட்டையில் கத்திரி வெயில் தொடங்கினால் "எந்த ஏசி வாங்கலாம்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எல்லாரும் ஸ்டாரைப் பார்க்கிறார்கள். உள்ளே இருந்து குளிரூட்டும் கேஸ் ஆர்-32ஆ, ஆர்-290ஆ என்று யாரும் பார்ப்பதில்லை.

பூமிச் சூடு: ஆர்-32 காற்றில் கசிந்தால், அதே எடை கரியமில வாயுவைவிட 675 மடங்கு சூடேற்றும். ஆர்-290 என்பது புரொப்பேன், 3 மடங்குதான்.

தீ: ஆர்-32 லேசில் பற்றாது. ஆர்-290 சமையல் கேஸ் மாதிரி சட்டெனப் பற்றும்; அதனால் அறை அளவைப் பொறுத்து எவ்வளவு கேஸ் நிரப்பலாம் என்பதற்கு வரம்பு உண்டு.

ரிப்பேர்: ஆர்-32க்கு வண்ணார்பேட்டை, மேலப்பாளையம் எங்கும் ஆள் உண்டு. ஆர்-290க்குப் பயிற்சி பெற்றவரைத் தேட வேண்டும்.

போன மாதம் எங்கள் ஆர்-32 ஏசியைக் கழற்ற வந்தவர் கேஸை அப்படியே வெளியில் திறந்துவிட்டார். உஸ்ஸென்று சத்தம், குழாய் முனையில் வெள்ளையாகப் பனி. 700 கிராம் போனாலே 470 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். மனசு ஆறவில்லை. கழற்றும்போது 'பம்ப் டவுன்' செய்து, அதாவது கேஸை இழுத்து வெளி யூனிட்டிலேயே அடைக்கச் சொல்லுங்கள்.

சொந்த வீடு, கம்பெனி சர்வீஸ் கிடைக்கும் டவுன் என்றால் ஆர்-290 வாங்குங்கள். அடிக்கடி கழற்றி மாட்டும் வாடகை வீட்டுக்கு ஆர்-32 போதும்.