விடியுமுன் பூப் பார்க்க எந்த எல்இடி? நான்கு எமிட்டர்களின் ஒப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளை மலர்ச் சந்தைக்குள் நான் நுழையும் நேரத்தில் பெரும்பாலும் கிழக்கு வெளுத்திருக்காது. மேலே எரியும் விளக்குகளின் வெளிச்சம் சாக்கின் வாய் வரைதான் எட்டும். அடியில் கிடக்கும் பூவைக் கைவிட்டு அளைந்து, டார்ச் அடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பிச்சி மொட்டின் முதுகில் இயல்பாகவே ஓர் இளஞ்சிவப்பு ஓடும். பறித்து நேரமான பூவின் விளிம்பிலோ பழுப்பு ஏறும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத வெளிச்சம் பூ வியாபாரிக்கு உதவாது. சென்ற ஆண்டு, கண்ணைக் கூசச் செய்யும் நீலவெள்ளை டார்ச் ஒன்றை நம்பி இரண்டு கிலோ பிச்சி வாங்கி வந்தேன். வீட்டு முற்றத்தில் வெயில் பட்டபோது அதில் பாதி பழுத்துப்போயிருந்தது. டார்ச்சுக்குள் ஒளி விடும் எல்இடியான எமிட்டர்களில் நான்கை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் எண்ணம் அன்றுதான் தோன்றியது.

டார்ச் வாங்குகிறவர்கள் மொத்த வெளிச்சத்தின் அளவான லூமன் எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நிறம் பார்க்க வேண்டிய வேலைக்கு அந்த எண் வழிகாட்டாது. வெள்ளை எல்இடி என்பது, பெரும்பாலும் 450 நானோமீட்டர் அளவில் நீல ஒளி விடும் சில்லின் மேல், அந்த ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் என்ற பொருளைப் பூசிய அமைப்பு. அதில் நீலமும் மஞ்சளும் தாராளமாக இருக்கும், ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவாகவே இருக்கும். சிவப்புப் பாஸ்பரைக் கூட்டினால் நிறம் தேறும், ஆனால் மனிதக் கண் 555 நானோமீட்டர் பச்சையில்தான் மிகக் கூர்மையாக உணர்வதால், லூமன் கணக்கு குறைந்துவிடும். அட்டையில் பெரிய எண் போட விரும்புகிறவர்கள் சிவப்பைக் குறைத்து, சற்றே பச்சை கலந்த ஒளியைத் தருவதற்குக் காரணம் இதுவே.

ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று தரப்படும் சிஆர்ஐ எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். அது, வெளிறிய எட்டு நிறங்களைக் கொண்டு கணக்கிடப்படும் சராசரி. அடர்சிவப்பான ஆர்9 அந்தச் சராசரியில் சேராது; 80 மதிப்பெண் பெற்ற எல்இடியிலும் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருக்கலாம். சாயல் என்பது இதிலிருந்து வேறான விஷயம். வெளிச்சம் மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்பதைச் சொல்வது கெல்வின் எண் (கூடக் கூட நீலம்); அந்த எண் ஒன்றாகவே உள்ள இரண்டு விளக்குகளில் ஒன்று பச்சையாகவும் மற்றொன்று ரோஸாகவும் தெரிவதை டியூவி என்ற அளவு குறிக்கிறது. அது கூட்டல் பக்கம் போனால் பச்சை, கழித்தல் பக்கம் போனால் ரோஸ்.

ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக கான்வாய் எஸ்2+ என்ற ஒரே மாடல் டார்ச்சுகள் நான்கை எடுத்து, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரே வகை டிரைவர், ஒரே வகைக் கண்ணாடி, ஒரே வகை 18650 பேட்டரி வைத்து, எமிட்டரை மட்டும் மாற்றிச் சால்டர் செய்தேன். நான்கு எமிட்டர்களும் 3.5 மில்லிமீட்டர் சதுர அளவில் அமைந்தவை என்பதால் ஒரே வகைப் பலகையில் உட்கார்ந்துகொண்டன. விடியற்காலை நாலரை மணிக்கு முற்றத்து விளக்கை அணைத்துவிட்டு, மாணிக்கமாலைத் துண்டு ஒன்று, ஒரு கைப்பிடி பிச்சி, ஒரு செவ்வாழைப்பழம் ஆகியவற்றை வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்த்தேன். சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை மூன்றும் நெருங்கி அமைவதால் மாணிக்கமாலையை விடச் சிறந்த நிற அட்டை எனக்குத் தெரியவில்லை. ஏழு மணிக்கு அதே பொருட்களைப் பகல் வெளிச்சத்தில் மறுபடி பார்த்தேன்.

க்ரீ எக்ஸ்பி-எல் எச்ஐ, 6500 கெல்வின்: இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நொச்சி இலை சாம்பல் பூத்தது போலவும், செவ்வாழைத் தோல் பாக்குக்கறை போலவும் தெரிந்தன.

சாம்சங் எல்எச்351டி, 5000 கெல்வின், 90 சிஆர்ஐ: எண்ணைப் பார்த்தால் நல்ல எமிட்டர், வெளிச்சமும் தாராளம். அரளியின் சிவப்பு ஓரளவு எழுந்து வந்தது. என்றாலும் வெள்ளைத் துணியில் மெல்லிய பச்சை படிந்திருந்தது, வெள்ளை அரளி வாடத் தொடங்கியது போல் தோன்றியது. நல்ல பூவை வாடியதாகக் காட்டுவதும் வியாபாரத்தில் நட்டம்தான். இந்த டார்ச்சை மட்டும் பத்து நிமிடம் பயன்படுத்தினால் கண் பழகி அந்தப் பச்சை மறைந்துவிடும். சந்தையில் வேறு விளக்குகளும் எரிவதால் கண் அப்படிப் பழகுவதற்கு வழியில்லை.

லூமினஸ் எஸ்எஸ்டி-20, 4000 கெல்வின், 95 சிஆர்ஐ: சிவப்பைக் காட்டுவதில் இதைக் குறை சொல்ல முடியாது. செவ்வாழையின் தோலில் சிவப்புக்கு அடியில் ஓடும் கருஞ்சிவப்புக் கோடுகள் வரை தெரிந்தன. சிக்கல் சாயலில் இருக்கிறது. குறைந்த மின்னோட்டத்தில் இது மஞ்சள்பச்சைப் பக்கம் சாயும். என் டிரைவர் மின்னோட்டத்தைக் குறைக்காமல், எல்இடியை மிக வேகமாக அணைத்து அணைத்து எரியச் செய்து வெளிச்சத்தைக் குறைப்பது என்பதால் என்னிடம் அது அவ்வளவாக வெளிப்படவில்லை; மின்னோட்டத்தையே குறைக்கும் டிரைவர் உள்ளவர்கள் தாழ்ந்த வெளிச்சத்தில் வேறுபாட்டை உடனே உணர்வார்கள். ‘பின்’ (bin) என்று சொல்லப்படும் தரப்பிரிவு மாறினாலும் சாயல் மாறும்.

நிச்சியா 519ஏ, 4500 கெல்வின்: நீல எல்இடிக்காக 2014-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான சுஜி நகமுரா அந்த எல்இடியை உருவாக்கியது நிச்சியா நிறுவனத்தில்தான். 519ஏ-யின் ஒளியில் வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. பச்சையும் இல்லை, ரோஸும் இல்லை. ஒரு பிச்சி மொட்டை இரு விரலால் பிடித்துத் திருப்பினேன். முதுகின் இளஞ்சிவப்பு காம்பை நோக்கி அடர்ந்துகொண்டே போவதும், பக்கத்தில் வைத்திருந்த முந்தைய நாள் மொட்டின் விளிம்பில் ஊசிமுனை அளவுக்குப் பழுப்பு ஏறியிருப்பதும் தனித்தனியாகத் தெரிந்தன. முதல் டார்ச்சில் இரண்டும் ஒரே அழுக்கு நிறமாகத்தான் இருந்தன. எது எந்த டார்ச் என்று சொல்லாமல் அம்மாவிடம் நான்கையும் கொடுத்தேன். நாற்பது ஆண்டுகளாக மாலை கட்டும் அவர், “மக்ளே, இதுலதான் பூ பூவாட்டு இருக்கு” என்று எடுத்துக் கொடுத்தது 519ஏ-யைத்தான். ஏழு மணி வெயிலில் பார்த்த நிறத்துக்கு மிக அருகில் நின்றதும் அதுவே.

519ஏ-யின் மேல் குமிழ்போல் இருக்கும் ஒளிபுகும் குவிமாடத்தைச் சீவி எடுப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் கெல்வின் குறைந்து, சாயல் ரோஸ் பக்கம் போகும், ஒளி சற்றுத் தொலைவும் பாயும். கண்ணுக்கு இதமான வெளிச்சம் அது. ஆனாலும் வெளிறிய பிச்சியையும் சிவந்ததாகக் காட்டிவிடும் என்பதால் பூ வாங்க நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் மீனின் செவுளைத் திறந்து பார்த்து வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வாங்கும்போது ‘நிச்சியா’ என்ற பெயர் மட்டும் போதாது. 519ஏ என்ற எண், கெல்வின், ஆர்9080 போன்ற தரக்குறி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அந்தக் குறியில் முதல் இரண்டு இலக்கங்கள் சராசரியின் கீழ்வரம்பு, அடுத்த இரண்டும் ஆர்9-இன் கீழ்வரம்பு. தொலைதூரப் பாய்ச்சலில் மட்டும் 519ஏ பின்தங்குகிறது. அதனால் எக்ஸ்பி-எல் எச்ஐ டார்ச்சை நான் தூக்கிப் போடவில்லை. இரவில் தென்னந்தோப்பின் மறுகோடியில் தேங்காய் விழுந்த சத்தம் கேட்டால் அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன்.