அப்படியே அப்கிரேடா, துடைத்துவிட்டுப் புதிதாகவா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் இரண்டு லேப்டாப். தங்கையுடையதை அப்படியே விண்டோஸ் 11-க்கு அப்கிரேடு செய்தேன். என்னுடையதில் பழைய விண்டோஸைத் துடைத்துவிட்டு 11-ஐப் புதிதாக ஏற்றினேன்.

அப்கிரேடில் அலுப்பில்லை. ஃபோட்டோ, ஃபைல், தமிழ் கீபோர்டு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் பழையதற்கே திரும்பலாம். ஆனால் வீடு மாறும்போது உடைந்த நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி, பழைய குப்பையும் கூடவே வரும்.

துடைத்து ஏற்றுவதற்குக் குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும். அதில் இருப்பது அழிந்துவிடும், அதனால் காலியானதாக எடுங்கள். பேக்கப் எடுக்காமல் தொடவே தொடாதீர்கள். பார்ட்டிஷன் (டிஸ்கின் எந்தப் பகுதி என்று) தேர்ந்தெடுக்கும் திரையில் கை தவறினால் டி டிரைவும் போச்சு. நான் கோட்டை விட்டது வேறு இடத்தில்: வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரை முன்னமே இறக்கி வைக்கவில்லை. செட்டப்போ இன்டர்நெட் கேட்டு நின்றது. கடைசியில் மொபைலை யுஎஸ்பி கேபிளில் மாட்டித்தான் கரை சேர்ந்தேன். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன அதே லேப்டாப், அதே எடிஷன் (ஹோம், ப்ரோ போல) என்றால் பெரும்பாலும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

டிபிஎம் 2.0 (லேப்டாப்பின் பாதுகாப்பு வசதி), குறைந்தது 4 ஜிபி ரேம் என்ற விண்டோஸ் 11 நிபந்தனை இரண்டு வழிக்கும் பொது.

லேப்டாப் ஏற்கெனவே திணறினால் துடைத்துவிடுங்கள். நன்றாக ஓடினால் அப்கிரேடே போதும். தங்கை இன்றுவரை குறை சொல்லவில்லை. நான்தான் இன்னும் ஒவ்வொரு பாஸ்வேர்டாகத் தேடிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.