‘100 மீட்டர் கேரண்டி’ ரீல்: நரம்பு சுற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கரையில் நின்று வாளையும் கெளுத்தியும் பிடிப்பவர்களைக் குறிவைத்து ஆன்லைனில் விற்ற ஒரு ஸ்பின்னிங் ரீலைப் (நரம்பு, அதாவது தூண்டில் நூலைச் சுற்றிவைக்கும் கருவி) பற்றிய எச்சரிக்கை இது. விலை 3,200 ரூபாய். பெட்டியில் அச்சிட்டிருந்தவை: 6000 சைஸ், 13+1 பேரிங், 5.2:1 கியர் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ரோட்டர் 5.2 சுற்று), 0.40 மி.மீ. நரம்பு 200 மீட்டர் கொள்ளும், வீச்சு 100 மீட்டர் கேரண்டி. டேப் பிடித்து அளந்தபோது வெறும் ஈயம் 68 மீட்டரில் விழுந்தது. இரை கோத்து வீசினால் 49. கியர் 4.7:1. நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலில் 130 மீட்டர் ஏறியதுமே விளிம்பு தட்டிவிட்டது.

விற்றவரின் முதல் பதில்: “உங்க வீச்சு சரியில்ல சார்.” அளந்த வீடியோ போனதும் வந்த இரண்டாவது பதில்: “லைன் சுத்திட்டீங்க, இனி ரிட்டர்ன் எடுக்க முடியாது.”

பொறி அந்த இரண்டாவது பதிலில்தான் இருக்கிறது. வீசாமல் தூரம் தெரியாது, நரம்பு சுற்றாமல் வீச முடியாது, சுற்றிவிட்டால் திருப்ப முடியாது. ஆகவே நரம்பு ஏற்றுவதற்கு முன்னாலேயே பிடிபடக்கூடிய பொய்களைப் பிடித்துவிட வேண்டும். நல்லவேளையாக, அவை நிறையவே உண்டு.

முதலில், விளம்பர வீடியோவில் அந்த 100 எப்படி வந்தது என்று பார்ப்போம். வீடியோவில் இருப்பது கடற்கரை ராடு, 14 அடி. சுற்றியிருப்பது மெல்லிய பிரெய்டு (பின்னல் நரம்பு). நுனியில் 100 கிராம் ஈயம் மட்டும். முள்ளும் இல்லை, இரையும் இல்லை. வாங்குபவருக்கு அதே கடை சேர்த்து அனுப்புவது 7 அடி ராடும் ‘இலவச’ நைலான் நரம்பும். போட்டிகளில் 150 கிராம் ஈயத்தை 250 மீட்டருக்கு மேல் வீசுபவர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் இரை கிடையாது. தூரத்தில் பெரும்பங்கு ராடு, நரம்பின் தடிமன், ஈயத்தின் எடை, வீசுபவரின் கை இவற்றுக்குத்தான். ரீலின் பங்கு கடைசியில் வருவது. ஒரு ரீல் தன்னளவில் இத்தனை மீட்டர் வீசும் என்று எழுதுவதே அர்த்தமில்லாத வாக்கியம்.

அடுத்த தந்திரம் கைப்பிடிச் சுற்றை எண்ணுவது. “ஒரு சுற்றுக்கு 90 செ.மீ., 110 சுற்று, ஆக 99 மீட்டர்” என்று வீடியோவில் கணக்குச் சொல்கிறார்கள். ஸ்பூல் நிறைந்திருக்கையில் அதன் விட்டம் 50 மி.மீ. என்றால் சுற்றளவு 15.7 செ.மீ. அதை 4.7-ஆல் பெருக்கினால் 74 செ.மீ. நரம்பு வெளியே போனபின் விட்டம் 43 மி.மீ. ஆகச் சுருங்கும், அப்போது ஒரு சுற்றுக்கு 63 செ.மீ. தான் வரும். சராசரி 68 அல்லது 69. 110 சுற்றுக்கு 75 மீட்டர் ஆகிறது. அதிலும் காற்றில் வில்லாக வளைந்து கிடந்த நரம்பைக் கழித்தால் டேப் சொல்லும் 68-க்கு வந்துவிடுவோம். எந்த வீடியோவிலும் தரையில் டேப் ஓடவில்லை என்றால், அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

பேரிங் எண்ணிக்கை இதைவிடப் பெரிய ஏமாற்று. ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல் சுழல்வதே இல்லை. நரம்பு விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகிறது. 13 பேரிங் போட்டாலும் 3 போட்டாலும் வீச்சு தூரத்தில் மாற்றமில்லை. பெய்ட்காஸ்டர் ரீலில் மட்டும் ஸ்பூல் சுழலும். அங்கேயும் கணக்கில் வருவது ஸ்பூலைத் தாங்கும் இரண்டு மூன்று பேரிங்தான். அவற்றுக்குள் கிரீஸ் அப்பியிருந்தால் தூரம் குறையும். துடைத்து ஒரு சொட்டு மெல்லிய ஆயில் விட்டால் போதும். பிரேக்கை முழுக்கத் தளர்த்தி “பாருங்க எவ்வளவு நேரம் சுத்துது” என்று கடையில் காட்டுவார்கள். அதே நிலையில் இரையோடு வீசினால் நரம்பு சிக்கிக் குருவிக்கூடுதான் மிஞ்சும். ‘6000’ என்ற எண்ணும் அப்படியே. எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவு எதுவும் கிடையாது. ஒருவரின் 6000 இன்னொருவரின் 4000 ஆக இருக்கலாம்.

பெட்டி வந்ததும் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். பிறகு நரம்பு இல்லாமலே செய்யக்கூடியவை இவை. ஸ்பூலைச் சுற்றி வரும் ரோட்டரில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கைப்பிடியைச் சரியாக 10 சுற்று சுற்றி, ரோட்டர் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணுங்கள். 5.2:1 என்றால் 52 வர வேண்டும். 47 வந்தால் அந்த வீடியோவே ஆதாரம். ஸ்பூல் விளிம்பில் பஞ்சைத் தேய்த்துச் சுற்றி வாருங்கள். இழை மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. தூரமும் போகும், நரம்பும் அறும். பெயில் கம்பியை (நரம்பைப் பிடித்து ஸ்பூலில் சுற்றும் வளைகம்பி) திறந்துவைத்து, ரீலை ராடில் மாட்டி, வீசுவதுபோல நாலைந்து முறை ஓங்குங்கள். தானாக மூடிக்கொண்டால் அந்த ரீலை உடனே திருப்பிவிடுங்கள். முழு வேகத்தில் போகும் 100 கிராம் ஈயம் பாதியில் பெயில் மூடி அறுந்தால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கொள்ளளவையும் ஓரளவு கணக்கிலேயே சோதிக்கலாம். ஒரே ஸ்பூலில் நரம்பின் நீளம் தடிமனின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 0.30 மி.மீ. 200 மீட்டர் கொள்ளும் ஸ்பூலில் 0.40 மி.மீ. சுமார் 112 மீட்டர்தான் ஏறும். பெட்டியில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நீளம் போட்டிருந்தால், அச்சடித்தவர் எதையும் அளக்கவில்லை என்று பொருள்.

இலவச நரம்பை நம்பவே வேண்டாம். 0.30 என்று ஒட்டியிருக்கும். பென்சிலில் இடைவெளியில்லாமல் 20 சுற்று சுற்றி ஸ்கேலில் அளந்தால் 6 மி.மீ.க்குப் பதில் 8 மி.மீ. வரும். அதாவது 0.40. சுமை தாங்கும் கிலோவைக் கூட்டிக் காட்ட இதுதான் எளிய வழி, அதற்கான விலையை வீச்சு தூரத்தில் நாம் கொடுக்கிறோம். பிரெய்டு தட்டையாகிவிடும் என்பதால் இந்தப் பென்சில் சோதனை அதற்குச் சரிவராது. ஒப்பிட ஒரு அடையாளம்: பிரெய்டின் தடிமனைச் சொல்லும் ஜப்பானிய அளவில் பிஇ 2 என்பது 0.235 மி.மீ., பிஇ 3 என்பது 0.285.

நரம்பு ஏற்றும் முன் விற்றவரிடம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள்: “சோதிக்க லைன் சுற்றினாலும் ரிட்டர்ன் உண்டு.” எழுதித் தர மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஏற்றும்போது விளிம்புக்கு ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. கீழே நிறுத்த வேண்டும். அதற்கும் கீழே நின்றால் ஒவ்வொரு வளையமும் விளிம்பில் உரசி வேகம் இழக்கும். அதற்கு மேலே போனால் கொத்தாகக் கழன்று வரும். பிரெய்டுக்கு அடியில் சில மீட்டர் நைலான் சுற்றுங்கள், இல்லாவிட்டால் மொத்த நரம்பும் ஸ்பூலில் வழுக்கலாம். டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். நரம்பு முன்பக்கம் குவிந்தால் ஸ்பூலுக்கு அடியில் ஒரு வாஷர் கூட்டுங்கள், பின்பக்கம் குவிந்தால் ஒன்றை எடுங்கள். மெல்லிய நரம்பில் கனமான ஈயம் வீசும்போது லீடர் (நுனியில் கட்டும் தடித்த நரம்பு) இல்லாமல் ஓங்கவே கூடாது. 28 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு தாங்கும் லீடர் என்பது பழைய கணக்கு. 100 கிராமுக்குச் சுமார் 36 பவுண்டு, அதாவது 16 கிலோ. ராடு நீளத்துக்கு மேல் ஸ்பூலில் ஐந்து சுற்றாவது லீடர் இருக்க வேண்டும்.

சோதனை தண்ணீரில் வேண்டாம். ஈயம் எங்கே விழுந்தது என்று அளக்க முடியாது. அறுவடை முடிந்த வயலோ வற்றிய ஏரியோ போதும். தலைக்கு மேல் மின்கம்பி இருக்கக் கூடாது, கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். 40 மீட்டரிலிருந்து பத்துப் பத்து மீட்டருக்கு ஒரு குச்சி நடுங்கள். ஈயத்தைச் சமையலறைத் தராசில் நிறுங்கள். 100 என்று விற்பது 85 இருப்பதும் உண்டு. நரம்பை நனைத்துக்கொள்ளுங்கள். உருண்டு நின்ற இடத்தை விட்டு, முதலில் விழுந்த இடத்தை அளக்க வேண்டும். காற்றுக்கு எதிரே ஐந்து, காற்றோடு ஐந்து வீசி, மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் நீக்கிச் சராசரி எடுங்கள். பிறகு கோழிக்குடல் அளவுக்கு ஈரத்துணியை முள்ளில் கட்டி மறுபடி பத்து. இந்த இரண்டாவது எண்தான் உங்களுக்கு வேண்டியது. இரை காற்றில் பாராசூட் மாதிரி இழுக்கும். ஈரல் போன்ற மெத்தென்ற இரையை இலாஸ்டிக் நூலால் சுற்றாவிட்டால் பாதி வழியில் தனியாகப் பறந்துவிடும்.

அந்த 100 மீட்டர் உண்மையில் தேவையா என்பது வேறு விஷயம். வாளை இருட்டியபின் கரையோரம் வந்து இரை தேடும் மீன். 30 மீட்டரில் நல்ல பள்ளம் இருந்தால் அதுவே போதும். மேட்டூர் அணையில் மூழ்கியிருக்கும் பண்ணவாடி நந்தி சிலை தலைகாட்டும் அளவுக்கு நீர் இறங்கினால் கரையே உள்ளே நகர்ந்து பழைய ஆற்றுத் தடத்தின் பக்கம் போய்விடும். நீர் ஏறி, மேடு சரிவாக நீண்டு கிடக்கும் நாட்களில்தான் தூரத்துக்கு வேலை. (நீர்த்தேக்கங்களில் மீன்வளத் துறை அனுமதியைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.)

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பெட்டியின் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். இறக்குமதியான ரீல் என்றால், இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை இவை இல்லாத பெட்டி அதனாலேயே சட்டமீறல். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், கியர் எண்ணிய வீடியோ, டேப்பில் அளந்த வீடியோ மூன்றையும் சேர்த்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் இல்லை. புகாரில் “தூரம் போகவில்லை” என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்கு ‘உங்க வீச்சு சரியில்ல’ என்ற பதில் தயாராக இருக்கும். கியர் 5.2 என்று அச்சிட்டு 4.7 கொடுத்தார்கள், 200 மீட்டர் என்று அச்சிட்டு 130 கொள்கிறது என்று எழுதுங்கள்.