ஸாரா வழியா, யூனிக்ளோ வழியா?

அடுத்த மாதம் எந்த உடை ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்பெயினின் ஆடை நிறுவனமான ஸாரா இதை ஒப்புக்கொண்டே தொழில் செய்கிறது. சிறு சிறு லாட்டாகத் தைத்து, வாரம் இருமுறை கடைகளுக்குப் புதுச் சரக்கு அனுப்புகிறது. ஃபேஷன் மாடல்களை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, துருக்கி என்று பக்கத்திலேயே தைக்கிறது. ஆசியாவில் கூலி குறைவுதான். ஆனால் சரக்கு கப்பலில் வரும் வாரங்களுக்குள் மோகம் தீர்ந்துவிடும். துணியில் ஒரு பங்கைச் சாயமேற்றாமல் வைத்திருந்து, கேட்கிற நிறம் தெரிந்தபின் சாயமேற்றுவதும் அங்கே பழைய வழக்கம்.

ஜப்பானின் ஆடை நிறுவனமான யூனிக்ளோ ரசனையைத் துரத்துவதே இல்லை. உள்ளாடை, ஃப்ளீஸ் (குளிருக்குப் போடும் மெத்தென்ற மேலாடை), சாதாரண சட்டை என்று வருடம் முழுக்க வேண்டியதை மட்டும் எடுத்து, இழை தயாரிக்கும் டோரே நிறுவனத்தோடு சேர்ந்து துணியையே உருவாக்குகிறது. உடல் சூட்டைத் தக்கவைக்கும் ஹீட்டெக் உள்ளாடை அப்படிப் பிறந்ததுதான். ஆர்டர் பெரிதாக இருப்பதால் விலை இறங்குகிறது. இதிலும் ஆபத்து உண்டு. 1,900 யென் ஃப்ளீஸ் 1998இல் 20 லட்சம், 1999இல் 85 லட்சம், 2000இல் 51 நிறங்களில் 2.6 கோடி விற்றது. பிறகு அலை ஓய்ந்து, கம்பெனியின் மொத்த விற்பனையே சரிந்தது. மாறாத சரக்கு என்று நம்பியதும் ஒரு மோகமாகவே இருந்திருக்கிறது.

திருப்பூரில் சொந்த பிராண்டு நடத்தும் சிறு முதலாளிக்கு எது ஒத்துவரும்? முழுசாக ஸாரா வழி வேண்டாம். அவசரத்தில் பின்னல் துணியை ஒரு நாள்கூடத் தளரவிடாமல் கட்டிங் போட்டால், முதல் சலவையிலேயே சுருங்கும், பக்கத்தையல் முறுக்கிக்கொள்ளும். துணியில் யூனிக்ளோவாகவும் நிறத்தில் ஸாராவாகவும் இருப்பதே நல்லது. அடிப்படை டி-சர்ட்டை ஸாராவும் ஆசியாவில்தான் தைக்கக் கொடுக்கிறது.

180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சியில், அதாவது டி-சர்ட்டுக்கான சாதாரண பின்னல் துணியில், கிலோவுக்கு நாலைந்து அரைக்கை டி-சர்ட் வரும். 300 கிலோ கிரே துணி (சாயமேற்றாத துணி) எடுத்தால், 100 கிலோவை மட்டும் இரண்டு நிறத்தில் சாயமேற்றி விற்றுப் பாருங்கள். மிச்சத்தைக் கிரேயாகவே வைத்திருங்கள். தவறான நிறத்தில் தைத்த சட்டை ஸ்டாக் லாட் விலைக்குத்தான், அதாவது தேங்கிய சரக்கைத் தள்ளிவிடும் விலைக்குத்தான் போகும். கிரே துணி எந்த நிறமும் ஏற்கும். இரண்டாவது முறை சாயமேற்றும் லாட்டில் ஷேடு கொஞ்சம் மாறத்தான் செய்யும். முதல் லாட் துணியில் கட்டிங் போட்ட பாடிக்கு இரண்டாவது லாட்டில் கழுத்து ரிப் (கழுத்துப் பட்டி) போட்டால் கடையில் அப்படியே தெரியும். லாட் வாரியாகவே வெட்டித் தையுங்கள்.

இருப்பைச் சைஸ் வாரியாகத் தினமும் பாருங்கள். எம், எல் மூன்றாம் நாளே தீர்ந்து, எஸ், டபுள் எக்ஸ்எல் மட்டும் கிடந்தால், மாதக் கணக்கு 'மாடல் ஓடவில்லை' என்று தப்பாகக் காட்டும். எல்லா சைஸும் இருந்த நாட்களின் விற்பனையை மட்டும் எடுத்தால்தான் அடுத்து எத்தனை கிலோவை டையிங்குக்கு அனுப்புவது என்று தெரியும்.