மிஷன் ராணிகஞ்ச்: 22 அங்குலக் கூண்டும் வேண்டாத ஒரு வில்லனும்

இந்தப் படத்துக்குள் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று, பூமிக்கு மேலிருந்து துளை போட்டு ஆட்களைத் தூக்குவது பற்றியது. அது பார்க்க வேண்டியது. இன்னொன்று, அந்தத் துளையைப் போடவிடாமல் முட்டுக்கட்டை போடுபவர்களைப் பற்றியது. ரிமோட் கையில் இருந்தால் அதை ஓட்டிவிடலாம்.

2023 அக்டோபர் 6-ல் வெளியான இந்திப் படம். இயக்கம் டினு சுரேஷ் தேசாய். மூலக்கதை நிஜம். 1989 நவம்பர் 13-ல் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் பகுதியில், ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனத்தின் மகாபீர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. 6 பேர் இறந்தார்கள், 65 பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். நவம்பர் 16-ல் அந்த 65 பேரும் உயிரோடு மேலே வந்தார்கள். துளை வழியே ஆளைத் தூக்கும் கூண்டு செய்யும் யோசனையைச் சொல்லி, தானே அதில் கீழே இறங்கியவர் பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில். 1991-ல் அவருக்கு சர்வோத்தம் ஜீவன் ரக்‌ஷா பதக்கம் கிடைத்தது. படத்தில் அவராக அக்‌ஷய் குமார். முடிவு எல்லோருக்கும் தெரியும் என்பதால், 'எப்படி' என்பதில்தான் இந்தக் கதை நிற்க முடியும்.

தமிழில் சுரங்கம் என்றதும் நெய்வேலிதான் நினைவுக்கு வரும். அது திறந்தவெளி, மண்ணை வழித்தெடுத்துவிட்டு, வெயிலில் நின்று பழுப்பு நிலக்கரியை வெட்டுவது. ராணிகஞ்ச் வேறு. அங்கே நிலத்தடியில் கரி அடுக்கைக் கட்டம் கட்டமாகக் குடைந்து, கூரையைத் தாங்க நடுவில் கரியையே தூண்களாக விட்டுவைப்பார்கள். வரைபடத்தில் பார்த்தால் குறுக்குத் தெருக்கள் போட்ட ஊர் மாதிரி இருக்கும். 1774-லேயே கரி எடுக்கத் தொடங்கிய பகுதி அது. அதனால் கைவிட்ட பழைய குடைவுகள் ஏராளம். பல ஆண்டு மழைநீர் அவற்றில் தேங்கிக் கிடக்கும். அதை நோக்கி ஒரு வெடி வைத்து இடைச்சுவர் பிளந்தால் போதும்.

இந்த ஆபத்துக்கு விதி இல்லாமல் இல்லை. அப்போது நடப்பில் இருந்த 1957-ன் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைப்படி, நீர் தேங்கியிருக்கக்கூடிய பழைய குடைவுக்கு 60 மீட்டர் கிட்டே போனாலே அனுமதி வேண்டியிருந்தது. அனுமதி கிடைத்தாலும், கரி வெட்டும் முகப்பில் முன்கூட்டியே சிறு துளைகள் போட்டு, குறைந்தது 3 மீட்டர் முன்னால் நீர் இல்லை என்று பார்த்துக்கொண்டேதான் நகர வேண்டியிருந்தது. பழைய வரைபடம் தவறாக இருந்தால் இத்தனை எச்சரிக்கையும் வீண். 1975 டிசம்பரில் தன்பாத் பக்கம் சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் இப்படி நீர் உடைந்து 375 பேர் போனார்கள். படம் இந்தப் பின்னணிக்குள் போகாமல், வெடி, விரிசல், வெள்ளம் என்று மூன்றே தாவலில் கடந்துவிடுகிறது.

வெள்ளக் காட்சிதான் படத்தின் பலவீனமான கிராஃபிக்ஸ். 20 மீட்டர் உயரத்துக்குத் தேங்கிய நீர் ஒரு சதுர மீட்டர் சுவரில் சுமார் 20 டன் அழுத்தம் கொடுக்கும். அது உடைத்துக்கொண்டு வந்தால் கரித்தொட்டி, தண்டவாளம், மரமுட்டு எல்லாம் சேர்ந்து வரும். நீரும் கறுப்புக் குழம்பாக இருக்கும். திரையில் வருவதில் அந்தக் கனமே இல்லை.

அதற்குப் பிறகு படம் நிமிர்கிறது. உயிரோடு இருப்பவர்கள் மேடான பகுதிக்கு ஏறிவிட்டார்கள், மேலே இருப்பவர்களுக்கு அது எந்த இடம் என்று கண்டுபிடிக்க வேண்டும். சர்வேயரை நம்பித்தான் எல்லாமே. நிலத்துக்குக் கீழே உள்ள தெருவை மேலே உள்ள வயலில் சுண்ணாம்புக் குறியாக மாற்ற வேண்டும். தெருவின் அகலம் நாலு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் ஆழத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்கு சாய்ந்தாலே துளை ஒரு மீட்டர் தள்ளிப் போகும். இரண்டு பங்கு சாய்ந்தால் தூணுக்குள் போய் முட்டும். ரிக்கை, அதாவது துளை போடும் இயந்திரத்தை, முதலில் மட்டம் பார்த்து நிறுத்தாவிட்டாலோ, அவசரத்தில் பிட் என்ற துளைமுனை மீது அதிக எடை கொடுத்தாலோ அதைத் தாங்கும் கம்பி வளைந்து சாயத்தான் செய்யும். இங்கே அவசரப்படுகிறவன் தாமதமாகத்தான் போய்ச் சேருவான். துளை போடும் ஆளாக வரும் பவன் மல்ஹோத்ரா இதைப் பேசாமலே முகத்தில் காட்டுகிறார். படத்தின் சிறந்த நடிப்பு அவருடையதுதான்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு கேள்வி வரும்: நம்மூரில் ஒரே நாளில் பல நூறு அடி போர் போடுகிறார்களே, இதற்கு ஏன் இத்தனை பாடு? நம் போர் ஆறரை அங்குலம், இங்கே ஆள் இறங்கும் கூண்டே 22 அங்குலம். விட்டம் மூன்றரை மடங்கானால் நொறுக்க வேண்டிய பாறை பன்னிரண்டு மடங்காகும். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தை சுஜித்தை மீட்க இணைகுழி தோண்டியபோது வேலையைத் தாமதப்படுத்தியது கடினப் பாறைதான். ராணிகஞ்சின் கரிப் படுகை மணற்கல்லும் களிக்கல்லும், ஒப்பிட்டால் மென்மை. ஆனால் அங்கே வேறு தொல்லை. மேல்மண் சரியும், ஊற்றுநீர் துளை வழியே கீழே இருப்பவர்கள் தலையிலேயே கொட்டும். அதனால் மேற்பகுதிக்குக் கேசிங் குழாய் (துளைச்சுவரைத் தாங்கும் இரும்புக் குழாய்) இறக்காமல் ஆள் இறங்க முடியாது.

காற்றுக் கணக்கைத் திரைக்கதை இன்னும் நன்றாகப் பயன்படுத்தியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் 65 பேர் மணிக்கு சுமார் ஒரு கனமீட்டர் கரியமில வாயுவை விடுவார்கள். நாலு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம், நூறு மீட்டர் நீளமுள்ள அடைபட்ட தெருவில் அது 3 சதவீதத்தைத் தொட 30 மணி நேரம் போதும். மூச்சிரைப்பும் தலைவலியும் அங்கேயே தொடங்கிவிடும். ஆக்சிஜன் தீர்ந்துபோவதற்கு வெகு முன்பே கரியமில வாயு ஆளைச் சாய்த்துவிடும். அதனால்தான் முதலில் சிறு துளை, பிறகு பெரிய துளை. சிறு துளையிலும் ஒரு கண்ணி உண்டு. நீர் ஏறி ஏறி உள்ளே காற்றை அழுத்தி வைத்திருந்தால், துளை திறந்ததும் அந்தக் காற்று பீறிட்டு வெளியேறும், நீர் மேலும் ஏறும். 2002-ல் அமெரிக்காவின் குவெக்ரீக் சுரங்கத்தில் 9 பேரை மீட்டபோது, இதே காரணத்துக்காக மேலிருந்து காற்றை அழுத்தி உள்ளே தள்ளினார்கள். அங்கே பெரிய துளை போடும்போது பிட் உடைந்து துளைக்குள்ளேயே மாட்டியது. வில்லனே இல்லாமல் எவ்வளவு பதற்றம் கிடைக்கும், பாருங்கள்.

துளை வழியே சாப்பாடு அனுப்புவதைப் பெரும்பாலான மீட்புப் படங்கள் ஒரு நெகிழ்ச்சிக் காட்சியோடு முடித்துக்கொள்ளும். உண்மையில் அது தனிக் கலை. 2023 நவம்பரில், இந்தப் படம் வந்த அடுத்த மாதமே, உத்தரகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 41 பேர் 17 நாள் சிக்கினார்கள். முதலில் நாலு அங்குலக் குழாயில் பொரி, உலர்பழம். ஆறு அங்குலக் குழாய் போய்ச் சேர்ந்த பிறகுதான் சூடான கிச்சடி பாட்டிலில் போனது. அந்த வரிசையில் காரணம் இருக்கிறது. ஈரமும் வெக்கையும் உள்ள இடத்தில் சமைத்த சோறு இரண்டு மணி நேரம் தாண்டினால் நம்பக்கூடாது. சோற்றில் பிழைத்திருக்கும் கிருமி வித்துகள் முளைத்து விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வீட்டில் வயிற்றுப்போக்கு ஒருநாள் தொல்லை. நல்ல தண்ணீரும் ஒதுங்க இடமும் இல்லாத குழிக்குள் அது உயிர்ப் பிரச்சினை. எனவே உலர்ந்தது, உறையிட்டது, உப்புச்சர்க்கரைக் கரைசல் முதலில். சமைத்தது என்றால் வந்தவுடன் தின்று தீர்க்கும் அளவு மட்டும். மிச்சத்தை எடுத்து வைக்கவே கூடாது.

இனி கூண்டு. நிஜக் கூண்டு சுமார் இரண்டரை மீட்டர் உயரம், 22 அங்குல விட்டம், அதாவது 56 சென்டிமீட்டர். வளர்ந்த ஆணின் தோள் அகலமே 45 சென்டிமீட்டர் வரும். உட்கார முடியாது, கையை மடக்க முடியாது. மயங்கினால் முழங்கால் மடிந்து கூண்டின் சுவரில் சிக்கிக்கொள்ளும். அதனால் மார்பில் வார் பூட்டித்தான் அனுப்ப வேண்டும். சாதாரணக் கம்பிவடத்தில் பாரம் தொங்கினால் முறுக்கு அவிழும், கூண்டு பம்பரம் போல் சுழலும். 2010-ல் சிலியில் 33 பேரைத் தூக்கிய கூண்டின் விட்டமும் 54 சென்டிமீட்டர்தான். அதன் பக்கவாட்டில் சக்கரங்கள் வைத்து உரசலைக் குறைத்தார்கள். ராணிகஞ்ச் கூண்டு அதற்கு 21 ஆண்டு மூத்தது என்பதைப் பார்க்கும்போது நினைவில் வைத்துக்கொண்டால் இறுதிப்பகுதி இன்னும் பிடிக்கும்.

மற்றவை சுருக்கமாக. சக அதிகாரி சென் (திப்யேந்து பட்டாச்சார்யா) எதற்காக இத்தனை வன்மத்தோடு இருக்கிறார் என்பதற்குப் படத்தில் பதில் இல்லை. மனைவியாக வரும் பரினீதி சோப்ராவுக்குக் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. தொடக்கப் பாட்டு, படம் கிளம்புவதற்கு முன்பே பிரேக் போடுகிறது. அக்‌ஷய் குமாரின் ஒட்டுத்தாடி சில கோணங்களில் ஒட்டுத்தாடியாகவே தெரிகிறது. குமுத் மிஸ்ரா மட்டும், கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியின் பயத்தை அளவாகக் காட்டுகிறார். குழிக்குள் ரவி கிஷன் கோபத்தைக் கொஞ்சம் கூட்டினாலும், அடைபட்டவர்களுக்குள் மூளும் சண்டை நம்பும்படி இருக்கிறது.

கடைசித் தூக்கலுக்கு வந்துவிட்டால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நிஜத்தில் 65 பேரையும் மேலே கொண்டுவர சுமார் ஆறு மணி நேரம் ஆனது. இறக்கம், ஆளை நுழைத்துப் பூட்டுவது, ஏற்றம், திறப்பது எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு ஐந்தரை நிமிடம். அத்தனை முறையும் வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சின் பக்கத்தில் நிற்பவனுக்குக் கூண்டு கண்ணில் படாது. வடத்தின் அசைவையும் சைகையையும் வைத்துத்தான் நிறுத்த வேண்டும், ஒரு அடி கூடினாலும் உள்ளே இருப்பவன் கால் தரையில் மோதும். அந்த ஆளின் முகம் திரையில் எத்தனை நொடி வருகிறது என்று எண்ணுங்கள்.