லொம்பார்டோவா, போஸ்டாஃபா? ஸ்லேயர் டிரம்ஸ் கற்க

டேவ் லொம்பார்டோ, அமெரிக்க த்ராஷ் மெட்டல் (அதிவேகமான, ஆவேசமான ராக் வகை) குழுவான ஸ்லேயரைத் தொடங்கிய நால்வரில் ஒருவர், அதன் டிரம்மர். 1992-இல் விலகினார், அவர் இடத்துக்கு வந்த பால் போஸ்டாஃப் முழங்கைக் காயத்தால் வெளியேறியதும் 2001 இறுதியில் திரும்பி, 2013 வரை வாசித்தார். பிறகு மறுபடியும் போஸ்டாஃப்.

கேட்க வேண்டிய ஆல்பங்கள்
லொம்பார்டோ: ரெய்ன் இன் ப்ளட் (1986), திரும்பிய பின் கிறைஸ்ட் இல்யூஷன் (2006).
போஸ்டாஃப்: டிவைன் இன்டர்வென்ஷன் (1994), ரிபென்ட்லெஸ் (2015).

தாளம்
லொம்பார்டோ: துடிப்பு சற்றே முன்னே பாயும். பாட்டு உயிரோடு இருப்பதே அந்தத் தள்ளலால்தான். மெட்ரோனோமை (சீரான தாளத்தைத் தட்டிக் காட்டும் கருவி) மட்டும் நம்பிப் பழகினால் அது வராது.
போஸ்டாஃப்: ஒவ்வொரு அடியும் அளந்து விழும்.

கற்கும் சிரமம்
லொம்பார்டோ: 'ஏஞ்சல் ஆஃப் டெத்' பாட்டின் டபுள் பாஸ் (இரு கால்களாலும் பாஸ் டிரம்மை அடிப்பது) தனி வாசிப்பில் பலருக்கும் இடது கால் பின்தங்கும். கெண்டைத் தசையை இறுக்கிக்கொள்வதும் ஒரு காரணம். நிமிடத்துக்கு 140 துடிப்பு வேகத்தில் தொடங்கி, இரு கால் ஒலியும் சமமான பிறகே 5 கூட்டுங்கள்.
போஸ்டாஃப்: கணக்குப் பிடிபட்டால் போதும்.

கால்களைச் சீராக்க போஸ்டாஃபிடம் தொடங்குங்கள். த்ராஷின் வெறி வேண்டுமென்றால் லொம்பார்டோதான். திரும்பி வந்த காலத்தில் அவர் வாசித்ததை ஒதுக்கிவிடாதீர்கள். வேகம் குறையவே இல்லை.