ஐபிசிஎஸ்: டம்ப் படிக்க நான் நம்பும் கருவி

சுங்கை சிப்புட்டில், எஸ்டேட் ஓரத்து வீட்டிலிருந்து இரவு ஷிப்டில் மெயின்பிரேம் (பெருங்கணினி) டம்ப், அதாவது கோளாறின்போது எடுத்து வைத்த நினைவக நகல், பார்ப்பவள் நான். ஐபிஎம்மின் ஐபிசிஎஸ் எனக்கு ரொம்பப் பிடிக்கும். செட்டெஃப் கட்டளையில் டம்பின் டேட்டாசெட் (கோப்பு) பெயரை ஒருமுறை கொடுத்தால் போதும், அடுத்தடுத்த கட்டளைகள் அதையே எடுத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் நினைவகமே வேண்டுமா? 'ஆக்டிவ்' என்று சொல்லலாம்.

முகவரி எழுதும் முறைதான் அருமை. ஹெக்ஸ் (16 அடிமான) எண்ணுக்குப் பின் புள்ளி வைத்தால் நேரடி முகவரி. '10.?' என்றால் அங்குள்ள 31 பிட் சுட்டியை (வேறோர் இடத்தின் முகவரியை)ப் பிடித்துக்கொண்டு, சிஸ்டத்தின் மைய அட்டவணையான சிவிடிக்கே போய்விடும். 64 பிட்டுக்கு ஆச்சரியக்குறி, 24 பிட்டுக்குச் சதவீதக்குறி. அப்புறம், ஒவ்வொரு அட்ரஸ் ஸ்பேஸுக்கும் (ஒரு வேலைக்கான நினைவக வெளி) தனியாக உள்ள பிரைவேட் ஏரியா என்றால், அதன் அடையாள எண்ணான ஏஎஸ்ஐடியையும் கட்டாயம் சொல்லுங்கள்; ஒரே முகவரியில் ஒவ்வோர் அட்ரஸ் ஸ்பேஸிலும் வேறு தரவு இருக்கும்.

வெறும் எழுத்துத் திரைதான். மழையில் இணையம் மந்தமானாலும் எனக்கு வேலை ஓடுகிறது.